காலி டேங்கில் கேட்ட சத்தம்

"உனக்குக் காது நல்லா கேக்குமாடி?"

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்ற மறுநாள் அண்ணன் என்னிடம் கேட்டது இது ஒன்றுதான். ஏன் நின்றாய் என்று கேட்கவில்லை. தலையாட்டினேன். அன்றிலிருந்து அவனுடைய மெக்கானிக் ஷெட்டில் என் காதுக்குத்தான் வேலை.

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். இது நடந்தது. பட்டப்பகலில் நடந்தது.

அண்ணன் சாவியைத் திருப்புவான். நான் பெட்ரோல் டேங்கில் காதை வைத்திருப்பேன். உள்ளே பெட்ரோலை எஞ்சினுக்குத் தள்ளுகிற பம்ப் நன்றாக இருந்தால் 'ஞ்ஞ்ஞ்' என்று இரண்டு நொடி முனகிவிட்டு நிற்கும். கேட்டால் விரல் முட்டியால் டேங்கை ஒரு தட்டு தட்டுவேன். கேட்காவிட்டால் சும்மா இருப்பேன். வாய் திறக்க வேண்டியதே இல்லை. "ஊமைக்கோட்டானுக்கு ஏத்த உத்தியோகம்" என்பான் அண்ணன். நாள் முழுக்க நான் யாரோடாவது பேசினேன் என்றால், அந்தத் தட்டுகள்தான்.

அந்த வண்டியைக் கொண்டுவந்தவர் செல்போன் டவர் பழுது பார்ப்பவர். காடு மேடெல்லாம் ஏறுகிற உயரமான மோட்டார் பைக். பழைய வண்டியாக வாங்கி ஒரு வாரம்தான் ஆகியிருந்தது.

"மேட்டுல ஏறினா பொசுக்குன்னு நின்னுடுது தம்பி. இன்னைக்கு சுத்தமா ஸ்டார்ட்டே ஆகல. நாளைக்குத் தனியா மலை உச்சிக்குப் போகணும்."

"அங்க நின்னா ஒரு போன் போடுங்கண்ணே, வந்துடறேன்."

"டவர் செத்தாதான்யா நான் போறதே. எங்கேர்ந்து போன் போடுவேன்?"

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று அவர் போனார்.

அண்ணன் சாவியைத் திருப்பினான். ஒன்றும் கேட்கவில்லை. ஃப்யூஸ் நன்றாக இருந்தது. ரிலேயை மாற்றிப் பார்த்தான். பம்புக்குப் போகிற ஒயரில் கரண்ட் இருந்தது. பிறகு பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டு, டேங்கைக் காலி செய்து, பம்பை வெளியே எடுத்தான். அதை வண்டியிலிருந்து தள்ளி எடுத்துப்போய், பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்தும் சுற்றவில்லை.

"போயே போச்சு. புதுசு வாங்கிட்டு வரேன். டேங்கைத் துடைச்சு வை."

சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினான்.

மணி இரண்டே கால். தெருவில் ஈ காக்கை இல்லை. பம்ப் என் முன்னால் தகரத் தட்டில் கிடந்தது.

ஞ்ஞ்ஞ்...

இரண்டு நொடி. நின்றது.

தட்டைப் பார்த்தேன். பம்ப் அசையவில்லை. சத்தம் டேங்குக்குள்ளிருந்து வந்தது. காலி டேங்க். பேட்டரி தரையில். சாவி அண்ணனிடம்.

காதை வைத்தேன். இரும்பு சில்லென்று இருந்தது.

ஞ்ஞ்ஞ்...

கைப்பழக்கம். யோசிக்காமல் ஒரு தட்டு தட்டிவிட்டேன்.

டக்.

உள்ளேயிருந்து பதில்.

காதை எடுக்க முடியவில்லை...

டக். டக்.

அவசரமாக.

டக் டக் டக் டக்...

அண்ணன் வரும்போது நான் வாசலில் சுருண்டு உட்கார்ந்திருந்தேன். "என்னடி, பேயறைஞ்ச மாதிரி இருக்கே?" என்றான்.

புதுப் பம்பை மாட்டினான். பேட்டரியைத் திரும்ப வைத்து, பெட்ரோல் ஊற்றினான். அதற்குள் டவர்காரரும் வந்துவிட்டார். சாவியைத் திருப்பியதும் பம்ப் முனகியது. தெளிவாகக் கேட்டேன். ஆனால் தட்டவில்லை. தட்டினால் வண்டி சரி என்று அர்த்தம். விடிந்ததும் அவர் தனியாக மலையேறிவிடுவார்.

"எனக்கே இங்க கேக்குது. உனக்குக் கேக்கலையா?"

கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

அண்ணனுக்கு வண்டி மேல் சந்தேகம் வந்துவிட்டது. இதற்கு முன் அதில் என்ன ரிப்பேர் வேலை பார்த்திருக்கிறார்கள் என்று கேட்க, வண்டியை விற்றுக் கொடுத்த தரகருக்குப் போன் போட்டான். பேசப் பேச அவன் குரல் இறங்கியது.

"முன்னாடி வச்சிருந்தவரு மலைக்குத் தனியா போனாராம்ணே. வண்டி நின்னு, சரிஞ்சு, கால் அடியில மாட்டிக்கிச்சாம். அஞ்சாம் நாள்தான் ஆளைப் பாத்திருக்காங்க. சாவி ஆன்லயே இருந்துச்சாம். டேங்க் ஒரு பக்கம் பூரா ரத்தம். கை முட்டியில தோலே இல்லையாம்... தட்டிக்கிட்டே இருந்திருக்காரு."

டவர்காரர் சிரிக்கப் பார்த்தார். "சும்மா பயமுறுத்தாதய்யா. பாப்பா, உனக்கு என்னதான் கேட்டுச்சு?"

டேங்கைக் காட்டினேன். அவர் குனிந்து காதை வைத்தார்.

நான் ஒரே ஒரு தட்டு தட்டினேன்.

அவர் முகத்திலிருந்த சிரிப்பு போன இடம் தெரியவில்லை. மெதுவாகக் காதை எடுத்தார். ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். சாவியைக் கேட்கவில்லை. தெருவில் இறங்கி நடந்து போய்விட்டார்.