கதவு மாமா

பழைய தொலைக்காட்சிப் பெட்டி சூடேறும்போது தூசி கருகுவது போல ஒரு வாசனை வரும். முதலில் அந்த வாசனை, பிறகு ஓர் உறுமல், அதன்பிறகு கறுப்பு வெள்ளையில் அமெரிக்கர்கள். எனக்கு எட்டு வயதாக இருந்தபோது வந்த கோடை விடுமுறை முழுவதையும், லண்டன் கிங்ஸ்பரியில் நாங்கள் வாடகைக்கு இருந்த மேல்மாடி அறையில், காதைப் பெட்டியோடு ஒட்டியபடிதான் கழித்தேன். அப்பாவுக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. பகலில் எனக்குப் பின்னால் கிடந்த கட்டிலில் தலையையும் மூடிக்கொண்டு நித்திரை கொள்வார். சத்தத்தைக் கூட்டினால் எழும்பிவிடுவார் என்பதால், அமெரிக்கர்கள் எல்லோரும் என்னிடம் மட்டும் இரகசியம் பேசினார்கள்.

வீட்டுக்கார அன்ரி காலையில் வேலைக்குப் புறப்படும்போது வாசலில் நின்று ஒரே பாட்டைத்தான் பாடுவார்: "வெளியில போகாதை, ஆர் தட்டினாலும் கதவைத் திறக்காதை, அப்பாவை எழுப்பாதை, டீவியைப் பார்." மற்றப் பிள்ளைகள் விடுமுறைக்கு உறவினர் வீடுகளுக்குப் போனார்கள்; சனிக்கிழமைகளில் ஹரோவுக்குத் தமிழ் வகுப்புக்குப் போனார்கள். என்னைக் கூட்டிக்கொண்டு போக ஆளில்லை. ஆகவே என்னுடைய தமிழ், அப்பாவும் அன்ரியும் கதைக்கும்போது காதில் விழுந்த தமிழ் மட்டுமே. அதில் எத்தனை ஓட்டைகள் இருந்தன என்று எனக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

பின்னேரங்களில் போடும் பழைய படங்களில் கதாநாயகர்களைப் பற்றி எனக்கு அக்கறை இருக்கவில்லை. எல்லோரும் ஒரே மாதிரித் தலை வாரி, ஒரே மாதிரிச் சிகரெட் பிடித்தார்கள். என் கண் வேறொருவரைத் தேடிப் பழகிவிட்டது. வழுக்கைத் தலை, புதர் போன்ற புருவம், வாய் திறக்குமுன் ஒரு சின்னச் செருமல். ஒரு படத்தில் பணக்கார வீட்டு வேலையாள், அடுத்ததில் விடுதியில் சாவி எடுத்துக் கொடுப்பவர், அதற்கடுத்ததில் நீதிபதி, பிறகு முடி வெட்டுபவர், பிறகு வாடகைக் கார் ஓட்டுபவர். கதாநாயகனுக்கு அவர்தான் கதவைத் திறந்துவிடுவார், இரண்டு வார்த்தை சொல்வார், போய்விடுவார். நான் அவருக்குக் "கதவு மாமா" என்று பெயர் வைத்தேன். அவர் வரும்வரை படம் எனக்குத் தொடங்கியதாகவே கணக்கில்லை.

நடிப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கதவு மாமாவை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. அவர் வேலை மாறிக்கொண்டே இருக்கும் ஒரு மனிதர் என்றுதான் நினைத்தேன், ஏனென்றால் எங்கள் வீட்டிலும் அப்படி ஒருவர் இருந்தார். யாழ்ப்பாணத்தில், ஊரில், கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சராக இருந்த அப்பா லண்டனில் உணவகத்தில் கோப்பை கழுவினார், கட்டடத்துக்குக் காவல் இருந்தார், இப்போது பெற்றோல் விற்றார். தேநீருக்கு எழும்பி வரும்போது பெட்டியைப் பார்த்து, "உந்த மனுசனுக்கு இண்டைக்கு என்ன வேலை?" என்று கேட்பார். "இண்டைக்குப் பொலிஸ்" என்பேன். "பரவாயில்லை, குடுக்கிற வேலையைச் செய்யிறார். என்னைப் போலத்தான்" என்பார். அந்த நாட்களில் அப்பா சிரித்தது அந்த ஒரு பகிடிக்கு மட்டும்தான்.

சிரிக்காததற்குக் காரணம் அம்மா. நான்கு வயதுப் பிள்ளையான என்னைத் தூக்கிக்கொண்டு அப்பா லண்டனுக்கு வந்தபோது இருவர் வரத்தான் வழி இருந்தது. அடுத்ததாக அம்மா வருவார் என்ற பேச்சிலேயே நான் வளர்ந்தேன். யுத்தகாலம், ஊரில் தொலைபேசி கிடையாது. வருவார் வருவார் என்று இருந்தபோது, அந்தக் கோடைக்கு முந்திய குளிர்காலத்தில் ஒருநாள், கொழும்பிலிருந்து யாரோ எடுத்த தொலைபேசி அழைப்பைக் கேட்டுவிட்டு அப்பா மேலே வந்தார். என் முன்னால் தரையில் உட்கார்ந்தார். "அம்மா மோசம் போயிட்டா, பிள்ளை" என்றார். பிறகு முகத்தை மூடிக்கொண்டார்.

யாழ்ப்பாணத்து ஆட்கள் ஒருவர் இறந்துபோனால் அந்தச் சொல்லை உடைத்துச் சொல்ல மாட்டார்கள். "மோசம் போயிட்டார்" என்பார்கள். ஊரில் இருக்கும் சின்னப் பிள்ளைக்கும் அது விளங்கும். எனக்கு விளங்கவில்லை. மோசம் என்றால் கூடாதது என்று எனக்குத் தெரியும். பழுதான பாலை மணந்து பார்த்து அன்ரி "மோசம்" என்பார், குழப்படிப் பிள்ளையை "மோசமான பிள்ளை" என்பார். ஆக, என் அம்மா கெட்டவளாகிவிட்டாள். அதனால் இனி வரமாட்டாள். நான் விளங்கிக்கொண்டது அதுதான், அதற்குப் பிறகு நடந்ததெல்லாம் அதற்குச் சரியாகவும் பொருந்தியது. அப்பா அம்மாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிச் சூட்கேசுக்குள் வைத்துவிட்டார். அவருக்கு அதைப் பார்க்க ஏலாமல் இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்தவர்கள் என்னைப் பார்த்து "பாவம்" என்றார்கள். கெட்ட தாய்க்குப் பிறந்ததால் பாவம் என்று எடுத்துக்கொண்டேன். எனக்குக் கோபமும் வெட்கமும் வந்தன. என்ன செய்தாள் என்று கேட்கப் பயமாக இருந்தது, ஆகவே யாரிடமும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் மாதம் போட்ட ஒரு படத்தில் கதவு மாமா வைத்தியராக வந்தார். அதே செருமல், அதே சிரிப்பு. படுக்கையில் கிடந்த கிழவியின் பாலில் நஞ்சைக் கலந்தார், அவள் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் நின்று அன்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் பெட்டியை நிறுத்திவிட்டேன். அடுத்த சில நாட்கள் அதன் பக்கமே போகவில்லை, சன்னலோரம் இருந்து ரோட்டைப் பார்த்தேன். உலகத்தில் எனக்கென்று இருந்த ஆட்களில் ஒவ்வொருவராக மோசம் போகிறார்கள் என்று நினைத்தேன். கட்டிலில் கிடந்த அப்பாவைத் திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது.

பிறகு ஒரு மழை நாள். வேறு செய்ய எதுவும் இல்லாமல் மறுபடி பெட்டியைப் போட்டேன். ஒரு புகைவண்டிப் படம். நடுவில் கதவு மாமா வந்தார், ரயில் கார்ட் உடுப்பில். தனியாகப் பயணம் செய்த ஒரு சிறுமிக்குப் போர்வையைப் போர்த்தி, விளக்கைக் குறைத்துவிட்டு, சத்தம் கேட்காமல் கதவைச் சாத்தினார். அவ்வளவுதான் அவர் பங்கு. எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எழுப்பவே கூடாத அப்பாவை உலுக்கி எழுப்பினேன்.

"அப்பா, கதவு மாமா மோசம் போயிட்டு இப்ப திரும்பவும் நல்லா வந்திட்டார். அப்ப அம்மாவும் வருவா தானே?"

அப்பாவுக்கு நித்திரை கலையவில்லை. "ஆர் மோசம் போனது?" என்றார். பெட்டியைக் காட்டினேன். அதில் கதவு மாமா உயிரோடு நின்று யாருக்கோ கொடி காட்டிக்கொண்டிருந்தார். அப்பா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். நான் இத்தனை மாதமும் என்னத்தை நம்பிக்கொண்டிருந்தேன் என்பது அவருக்கு மெல்ல மெல்ல விளங்கியதை நான் கண்ணால் பார்த்தேன். என்னை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, ஊரில் யாரும் பிள்ளையிடம் சொல்லாத விதமாகச் சொன்னார்: "மோசம் போறதெண்டால் செத்துப்போறது, பிள்ளை. அம்மா செத்துப்போனா. காய்ச்சலில செத்துப்போனா."

"அப்ப அம்மா கெட்டவ இல்லையா?"

"சீ! அவவோ? அவ நல்லவ, பிள்ளை. அவவைப் போல ஒரு நல்லவ இல்லை."

அம்மா நல்லவள் என்பதும் அம்மா இல்லை என்பதும் எனக்கு ஒரே நிமிடத்தில் தெரியவந்தன. எதற்கு அழுகிறேன் என்று தெரியாமலே இருட்டும்வரை அழுதேன். அப்பா அன்று வேலைக்குப் போகவில்லை. சூட்கேசைத் திறந்து அம்மாவின் படத்தை எடுத்து மறுபடி சுவரில் மாட்டினார்.

இப்போது நான் ஹரோவில் இருக்கிறேன், அப்பா என்னோடு இருக்கிறார். கிங்ஸ்பரி வீட்டை உடைத்துச் சின்னச் சின்னப் பிளாட்டுகளாக்கிவிட்டார்கள். அந்தப் பின்னேரப் படங்களை எந்த நேரத்திலும் கைப்பேசியில் பார்க்கலாம் என்பதால் பின்னேரத்துக்கென்று ஒரு படமும் இல்லை. கதவு மாமாவின் உண்மைப் பெயரைத் தேடிப் பிடித்தேன். ஊர் ஊராகப் போகும் நாடகக் குழுவில் தொடங்கியவர். பேசும் படம் வந்ததும் ஸ்டூடியோவில் கிழமைச் சம்பளத்துக்குச் சேர்ந்து, காலையில் ஒரு படத்தில் நீதிபதியாகவும் மத்தியானம் இன்னொன்றில் முடிவெட்டுபவராகவும் நின்றிருக்கிறார். பல படங்களில் பெயர்கூடப் போடவில்லை. இத்தனை வீட்டுக் கதவுகளைத் திறந்த மனிதருக்கு ஒரு படத்திலாவது சொந்த வீடு இருந்ததாகக் காட்டவில்லை. முகம் கிழடுதட்டியதும் தொலைக்காட்சித் தொடர்களில் துண்டு வேடங்கள், பிறகு அதுவும் இல்லை. நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார்.

யாரும் பெயர் கேட்காத அந்த மனிதரின் குரலைக் கண்ணை மூடிக்கொண்டு இன்றும் என்னால் அடையாளம் சொல்ல ஏலும். அம்மாவின் குரல் எனக்கு நினைவில்லை. எங்கேயும் அது பதிவாகவில்லை, ஒரு கசெற்றில்கூட இல்லை. சென்ற மாதம் சாப்பாட்டு மேசையில் அப்பாவிடம் கேட்டேன்: "அம்மா எப்படிக் கதைப்பா, அப்பா?"

"மெல்லமாத்தான் கதைப்பா" என்றார். கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு, கண்ணை மூடி அந்தக் குரலைக் கேட்கப் பார்த்தார்.

"எனக்கும் இப்ப கேக்குதில்லை, பிள்ளை" என்றார்.