சண்டை மீனோடு குடியிருந்த அயிரைகள்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு முந்தைய வருஷங்களில் என் கணவர் மலேயாவில், பினாங்கில் வேலை பார்த்தார். ஒருமுறை விடுப்பில் ராஜபாளையம் வந்தவர், துணிமணிக்கு முன்னால் பெட்டியிலிருந்து எடுத்தது ஒரு கண்ணாடிக் குப்பியை. அதற்குள் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு மீன். கருநீல உடம்பு, சிவந்த வால்.

"சண்டை மீனு. அங்க இதுகள மோதவிட்டு வேடிக்கை பாப்பாக. வேற மீனு கூடச் சேராதுட்டி," என்றார்.

உடம்பைத் திருப்பக்கூட இடமில்லாமல் அது குப்பிக்குள் கிடந்தது எனக்குப் பொறுக்கவில்லை. கொல்லையில் சும்மா கிடந்த கல்தொட்டியைத் தேய்த்துக் கழுவினேன். ஆற்று மணல் பரப்பி, கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, கண்மாய்ப் பாசியும் போட்டு அதில் விட்டேன். தனியாக இருக்கிறதே என்று சின்னக் கெண்டைகள் சிலவற்றையும் சேர்த்தேன். நடந்தது தலைகீழ். கெண்டைகள்தான் இதைத் துரத்தித் துரத்தி வாலைக் கடித்துக் கிழித்தன. அன்றைக்கே அவற்றைக் கண்மாயில் கொண்டுபோய் விட்டுவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் போலீஸ் ஏட்டாக இருந்த கணவரின் அண்ணன் வந்து பார்த்துச் சிரித்தார். "ஏம்மா, சண்டைக்காரப் பயலுக்குக் குடும்பம் எதுக்கு?"

"ஒத்துமையா இருக்க வச்சுக் காட்டுறேன் அத்தான்," என்றேன். அவரை அதுவரை நான் எதிர்த்துப் பேசியதில்லை.

விடுப்பு முடிந்து கணவர் கப்பலேறிவிட்டார். கிழிந்த வால் வளர்ந்ததும், மீன்காரி குழம்புக்குக் கொண்டுவந்த அயிரையில் துள்ளிக்கொண்டிருந்தவற்றைப் பொறுக்கி எடுத்தேன். அயிரை அடிமணலை விட்டு வராது. சண்டை மீனோ மேல்தண்ணீரில்தான் திரியும். அதை மறுபடி குப்பியில் பிடித்து வைத்துவிட்டு, அயிரைகளை முதலில் தொட்டியில் விட்டேன். ஒளிந்துகொள்ள உடைந்த சட்டியைக் கவிழ்த்துப் போட்டேன். அவை பழகிய பிறகுதான் சண்டை மீனைத் திறந்துவிட்டேன்.

செவுளை விரித்துக்கொண்டு நேரே கீழே பாய்ந்தது. அயிரைகள் மணலுக்குள் புதைந்து காணாமல் போயின. யாரோடு மோதுவதென்று தெரியாமல் அது அங்கேயே செத்த நேரம் நின்றுவிட்டு மேலே வந்தது. சில நாள் இப்படியே விரட்டிப் பார்த்தது, பொறவு அலுத்துப்போய் விட்டுவிட்டது. நான் கொசுப்புழு போட்டால் மேலே மிதப்பதை அது தின்னும், அடியில் சேர்வதை அயிரைகள் தின்னும். அதன் வால் நிழல் மேலே விழுந்தால்கூட அவை பயந்து ஒளிவதில்லை.

அடுத்த முறை அத்தான் வந்தபோது தொட்டியருகே குனிந்தவர் வெகுநேரம் நிமிரவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தன்னோடு வேலை பார்க்கும் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார்.

"நல்லாப் பாருங்கய்யா. பினாங்குக்காரங்களுக்கே ஏலாதத எங்க வீட்டுப் பொண்ணு செஞ்சிருக்கு!"

அடுக்களையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த எனக்கு அது தெளிவாகக் கேட்டது. டம்ளர்களை எடுத்துக்கொண்டு தலை நிமிர்ந்து வெளியே வந்தேன். அவர்கள் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொன்னேன்.