கப்பல் முனீரின் இரண்டாவது மரணம்

ஆம்பூர் முனீர் அகமது தென்னாப்பிரிக்காவில் நேட்டாலில் காலமானார் என்ற தந்தி மாசி மாதத்தில் வந்தது. பல ஆண்டுகளாக அவருடைய கடற்பயணக் கட்டுரைகளை வெளியிட்டு வந்த இப்பத்திரிகையின் ஆசிரியர், உடனே என்னிடம் ஒரு வாழ்க்கைக் குறிப்புக் கேட்டார். முனீர் வேலை செய்த, தோல் பதனிடும் டேனரியில் நான் குமாஸ்தாவாக இருந்தவன். அவர் எழுதியவற்றைத் திருத்தமாகப் படியெடுத்து சென்னைக்கு அனுப்பியவனும் நானே. ஆயினும் ஆடி கழியும்வரை ஒரு வரியும் எழுதவில்லை. அவருடைய மனைவி பக்ருன்னிசா, கணவர் இறந்ததை ஏற்கவில்லை. ஏற்காததற்கு அந்த அம்மாளிடம் நியாயம் இருந்தது. முனீர் ஏற்கெனவே ஒரு முறை இறந்தவர்.

அவருடைய தகப்பனார் டேனரியில், தோலின் மயிர் கழிக்க ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். முனீரும் அதே குழியில்தான் தொடங்கினார். பள்ளிக்கூடத்தில் நாலு வகுப்பு படித்திருந்தார். ஒரு தோலைக் கையில் எடுத்தால் அது எந்த ஊர் மாடு, எந்தப் பருவத்தில் அறுத்தது என்று சொல்லும் பழக்கம் வந்த பிறகு, முதலாளி அவரைத் தரம் பிரிக்கும் வேலைக்கு மாற்றினார். பிறகு வெளியூர்களுக்குச் சரக்குப் பார்க்க அனுப்பினார். ரங்கூன் போனார், பாஸ்ரா போனார். தோல் பதனிட ஆவாரம்பட்டை போதாமல் போனபோது, நேட்டாலிலிருந்து வரும் வாட்டில் பட்டையை மரத்திலேயே பார்த்து வாங்கிவர அனுப்பினார்கள். அனுப்பிய இடத்தோடு அவர் திரும்பியது கிடையாது. வழியில் இருப்பதையெல்லாம் பார்த்துவிட்டுத்தான் வருவார். ஊரில் அவருக்குக் கப்பல் முனீர் என்று பெயர் வந்தது.

எழுத்துக்கு அவர் வந்தது தற்செயல். மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்கு ரயிலில் போன கதையை ஒரு நாள் டேனரியில் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னபடியே எழுதிக் கொடுங்கள் என்றேன், கொடுத்தார். அதில் தண்டவாளத்துக்கு அருகே ஒரு சிங்கம் படுத்திருந்ததைப் பற்றி இப்படி எழுதியிருந்தார்: ‘வயதான ஆண். தொடையில் முள் கீறல் நிறைய. வாலடியில் உண்ணி கடித்த புள்ளிகள். மூன்றாம் தரத்துக்கு மேல் கொடுக்க முடியாது. எழுந்து நின்றபோது நான் தரத்தை மாற்றிக்கொண்டேன்.’ அந்தக் கட்டுரைக்கு வந்த கடிதங்களைப் போல் வேறு எதற்கும் வரவில்லை என்று ஆசிரியர் எழுதினார்.

வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்ததும் டீக்கடையில் யாராவது ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார். குழியில் இறங்கி நின்று வேலை செய்பவர்கள், லாங் பஜாரிலிருந்து வசூலுக்கு வந்த வியாபாரிகள் எல்லாரும் நின்று கேட்பார்கள். கடலையும் காட்டையும் அவர்கள் கைக்குத் தெரிந்த பொருளாக எழுதியவர் அவர் ஒருவரே. புயலுக்கு முந்தைய கடல், மயிர் கழித்த எருமைத் தோல் மாதிரி பளபளத்தது என்று அவர் எழுதினால் அங்கே யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை.

முதல் மரணம் இருபத்தேழாம் வருஷம் நடந்தது. எங்கள் தொழிலில் சரக்கின் கட்டுக்குக் கட்டு மார்க் குத்துவோம். வாங்குகிறவர்கள் பெயரைப் படிப்பதில்லை; மார்க்கைப் பார்த்தே சரக்கு யாருடையது என்று சொல்லிவிடுவார்கள். முனீரின் தோல் பையிலும் டேனரி மார்க் குத்தியிருந்தது. ரங்கூன் போன கப்பலில், ஜுரத்தில் கிடந்த ஒரு நெல்லூர்க்காரனுக்குத் தலைக்கு வைத்துக்கொள்ளட்டும் என்று அந்தப் பையைக் கொடுத்துவிட்டு, கரை சேர்ந்ததும் முனீர் படகில் ஆற்றின் மேற்புறத்து ஊர்களுக்குப் போய்விட்டார். நெல்லூர்க்காரன் கரையில் இறந்தான். அடையாளம் பார்க்க வந்த தரகர் மார்க்கைப் பார்த்தார். ஆம்பூர் சரக்கு என்று முடிவுசெய்து, முனீர் இறந்தார் எனத் தந்தி கொடுத்துவிட்டார். தோல்காரர்கள் தவிர வேறு யாரும் அப்படி ஒரு மனிதனை அடையாளம் காண மாட்டார்கள்.

இங்கே இறந்தவருக்கு ஓதும் மூன்றாம் நாள் ஜியாரத் நடந்தது. பக்ருன்னிசாவின் கண்ணாடி வளையல்களை உடைத்தார்கள், கழுத்திலிருந்த கல்யாணக் கருகமணியைக் கழற்றினார்கள். நாலு மாதமும் பத்து நாளும் வீட்டை விட்டு வெளியே வராமல் இருக்கும் இத்தாவுக்கு உட்கார வைத்தார்கள். நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி ஊருக்குச் சோறு போட்டார்கள். அதன் பிறகு ஒரு மத்தியானம் முனீர் ஆம்பூர் ஸ்டேஷனில் இறங்கினார். ஜட்காக்காரர் சவுக்கைக் கீழே போட்டுவிட்டார்.

“பாய், நீங்க மௌத்தாப் போய்ட்டீங்களே! நாற்பதாம் நாள் சோறு நானும் வந்து துன்னேனே!”

“நல்லா இருந்துச்சா?”

“உப்பு கொஞ்சம் கம்மி பாய்.”

“வண்டிய ஓட்டு. வீட்ல போய்க் கேக்கறேன்.”

ஊர் சிரித்தது. பக்ருன்னிசா சிரிக்கவில்லை. அன்று சாயங்காலம் நான் போயிருந்தபோது உள்ளறைத் திரைக்குப் பின்னாலிருந்து பேச்சு கேட்டது. வீட்டுக்குள் அவர்கள் பேசுவது உருது. நான் இருந்தால் தமிழில் பேசுவார்கள், சண்டையும் அப்படித்தான்.

“இனிமே யார் வந்து சொன்னாலும் நான் உக்கார மாட்டேன். உங்க மொகத்தைப் பார்த்தாத்தான்.”

“நான் செத்தா கப்பல்லதான் சாவேன், இல்லாட்டி காட்டுல. மொகத்தை எப்படி அனுப்பறது? பார்சல்லயா?”

“அது உங்க பாடு. அல்லா மேல ஆணையா சொல்றேன், நிச்சயமாத் தெரியாம இந்தக் கருகமணிய இன்னொரு வாட்டி கழட்ட மாட்டேன்.”

முனீர் அதையும் எழுதினார். தாம் இறந்த கதை என்று அவர் எழுதியது அந்த வருஷம் முழுவதும் பேசப்பட்டது. ஆணையை மட்டும் எழுதாமல் விட்டார். அது வீட்டு விஷயம் என்றார்.

இந்த வருஷம் வந்த தந்தி, காய்ச்சலில் இறந்தார், அங்கேயே அடக்கம் ஆயிற்று என்றது. பக்ருன்னிசாவின் அண்ணன் அப்துல் வஹாப், தங்கையை இத்தாவில் உட்காரச் சொன்னார். பக்ருன்னிசா மறுத்தார். பையோ கோட்டோ வந்தால் அது சாட்சி ஆகாது, கேட்டவனுக்கெல்லாம் கொடுத்துவிடும் மனுஷன் என்றார். அது உண்மைதான். கையில் வளையலோடும் கழுத்தில் கருகமணியோடும் அவர் முன்போலவே சமைத்தார், அக்கம்பக்கத்துக் கல்யாணத்துக்குப் போனார். அங்கே பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். புருஷன் செத்ததற்கு அழாதவள் என்று சிலர் சொன்னார்கள். டீக்கடையில் பாதிப்பேர் அவர் பக்கம் இருந்தார்கள். “வருவாரு பாரு. வந்து இதையும் ஒரு கட்டுரையா எழுதுவாரு” என்றார்கள். அப்துல் வஹாபுக்குத் தெருவில் தலை காட்ட முடியவில்லை. எனக்கும் ஒன்றும் செய்யத் தோன்றவில்லை. முனீர் இறந்துவிட்டார் என்று எனக்கு உள்ளே தெரிந்திருந்தது. ஆனால் முதல் தடவையும் எனக்கு அப்படித்தான் தெரிந்திருந்தது.

ஆடி முடிவில் பேர்ணாம்பட்டு நசீர் என்பவர் ஊருக்குத் திரும்பினார். நேட்டாலில் பட்டைக் கிடங்கில் வேலை செய்கிறவர். முனீரின் உடலைக் குளிப்பாட்டியவர் அவர்தான் என்று தெரிந்ததும் அப்துல் வஹாப் அவரைக் கையோடு கூட்டிவந்தார். பள்ளிவாசல் ஹஜ்ரத்தையும் என்னையும் அழைத்தார். முனீரை நசீர் அதற்கு முன் பார்த்ததில்லை. பெயர் சொல்லக் கேட்டதோடு சரி. திரைக்குப் பின்னால் பக்ருன்னிசா உட்கார்ந்திருந்தார்.

“மொகம் சிரிச்சாப்ல இருந்துச்சும்மா” என்றார் நசீர்.

“எல்லா மய்யித்துக்கும் அப்படித்தான் சொல்றாங்க. நீங்க வேற ஒண்ணு சொல்லுங்க. அவர் உடம்புல ஒரு அடையாளம் உண்டு. எனக்கு மட்டும்தான் தெரியும். எங்கே இருந்துச்சு, இன்னா மாதிரி இருந்துச்சு?”

நசீர் ஹஜ்ரத்தைப் பார்த்தார். ஹஜ்ரத் தலை குனிந்துகொண்டார்.

“மன்னிக்கணும்மா. மய்யித்தைக் குளிப்பாட்டுறவன் அங்கே பார்த்த குறையை வெளியே சொல்லக் கூடாது. அவர் மூடி வெச்சதை நான் தொறக்க மாட்டேன்” என்றார் நசீர்.

அப்துல் வஹாப் எழுந்துவிட்டார். “இன்னாய்யா இது பேஜாரு! அவ பொண்டாட்டிய்யா. அவளுக்குத் தெரியாத குறையா? ஒரு வார்த்தை சொன்னா எல்லாம் முடிஞ்சிடும்!”

“யாரா இருந்தாலும் சொல்ல மாட்டேன் பாய். நாளைக்கு என்னைக் குளிப்பாட்டறவன் சொன்னா நான் ஒத்துக்குவேனா?”

“மார்க்கைப் பார்த்து தந்தி குடுத்தவன் பேச்சை நம்பினோம். கண்ணால பார்த்தவன் வாயைத் தொறக்க மாட்டேன்றான். நல்ல நேரம்!”

“உக்காருங்க பாய்ஜான்” என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “அவர் சொல்ல வேணாம். நான் வேற ஒண்ணு கேக்கறேன். அந்த இடத்தைத் தேய்ச்சுக் கழுவுனீங்களா, தண்ணி மட்டும் ஊத்துனீங்களா?”

நசீர் தன் கையைப் பார்த்தார்.

“தண்ணி மட்டும்தான் ஊத்துனேன்மா. தேய்க்க மனசு வரல.”

எந்த இடம் என்று நசீர் கேட்கவில்லை; அந்த அடையாளத்தைப் பார்த்தவரால்தான் கேட்காமல் பதில் சொல்ல முடியும். அது எனக்குக் கொஞ்சம் பிந்தித்தான் உறைத்தது. திரைக்குப் பின்னால் இருந்தவருக்கு அப்போதே தெரிந்துவிட்டது. வளையல் ஒவ்வொன்றாகக் கழற்றித் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. உடைக்கவில்லை. அழுகைச் சத்தம் இல்லை. பிறகு கருகமணியும் தரையில் விழுந்த சத்தம் வந்தது.

அந்த அடையாளம் என்ன என்று எனக்குத் தெரியாது. தெரிந்தாலும் இங்கே எழுதமாட்டேன்.

நசீரைச் சாப்பிட வைத்தார்கள். அவர் சாப்பிடும்போது ஹஜ்ரத் மெதுவாக ஒரு விஷயம் சொன்னார். இத்தா என்பது கணவன் இறந்த நாளிலிருந்து கணக்கு. மனைவி நம்பிய நாளிலிருந்து அல்ல. மாசியிலிருந்து நாலு மாதமும் பத்து நாளும் கடந்துவிட்டன. ஆகவே பக்ருன்னிசா இனி உட்கார வேண்டிய கடமை இல்லை. அப்துல் வஹாபின் முகத்தில் பெரிய பாரம் இறங்கியது தெரிந்தது.

“கேட்டியாம்மா? முடிஞ்சு போச்சு. நீ வெளியே போலாம், வரலாம்.”

“அது சட்டம் பாய்ஜான். ஹஜ்ரத் சொன்னா சரியாத்தான் இருக்கும்.” குரலில் மாற்றம் இல்லை. “எனக்கு அவர் இன்னைக்குத்தான் மௌத்தானார்.”

உள்ளறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. ஹஜ்ரத் வாதம் செய்யவில்லை. தாமாக இத்தா இருப்பதைத் தடுக்க ஒன்றும் இல்லை என்று மட்டும் சொல்லிவிட்டு, நசீரின் இலையில் சோறு போடச் சொன்னார். அப்துல் வஹாப், வெளியிலிருந்து உள்ளே தெரியாதபடி தெருப்பக்கத்து ஜன்னலுக்குக் கட்ட கெட்டித் துணி எந்தக் கடையில் கிடைக்கும் என்று என்னைக் கேட்டார். இருவரும் செருப்பை மாட்டிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனோம்.