அம்மா பாடிப் பார்த்து வாங்கிய சிந்தசைசர்

எனக்கு ஒன்பது வயதானபோது, வீட்டில் பெரியவர்கள் மெதுவாகப் பேசினால் அது என்னைப் பற்றித்தான் என்று உறுதியாக நம்பினேன். அந்த ஆண்டு அவர்கள் நிறையவே மெதுவாகப் பேசினார்கள். சிங்கப்பூரின் தோ பாயோவில், எங்கள் நான்காம் மாடி வீட்டுச் சமையலறையில், அம்மாவும் அப்பாவும் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவார்கள். தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே "டாக்டரே சொல்லிட்டாரு", "போனா போனதுதான்" என்று துண்டு துண்டாகக் காதில் விழும். கணக்குப் பரீட்சையில் நான் வாங்கிய மதிப்பெண்ணுக்கு டாக்டர் எதற்கு என்று யோசித்தேன். யோசித்து, என் மூளையில்தான் ஏதோ கோளாறு என்ற முடிவுக்கு வந்திருந்தேன்.

அதனால் ஒரு சனிக்கிழமை காலை அம்மா, "பாப்பா, கிளம்பு. உனக்கு ஒரு கீபோர்டு வாங்கப் போறோம்" என்றதும் செருப்பைத் தேடுவதுபோல் நேரம் கடத்தினேன். நான் கீபோர்டு கேட்டதே இல்லை. பாட்டுக் கற்றுக்கொண்டால் கணக்கு தானாக வரும் என்று எங்கள் டீச்சர் ஒருமுறை சொல்லியிருந்தார். ஆக, இதுதான் வைத்தியம். முதலில் கற்றுக்கொள்ளச் சொல்வார்கள், பிறகு கிறிஸ்துமஸ் பூசையில் எல்லாருக்கும் முன்னால் வாசிக்கச் சொல்வார்கள். எங்கள் மாதா கோயிலின் தமிழ்ப் பாடற்குழுவில் அம்மாதான் முன்னணிப் பாடகி. அவளுடைய மகள் தப்பாக வாசித்தால் ஊரே திரும்பிப் பார்க்கும். பேருந்தில் போகும்போதே என் விரல்களை மடக்கி, நீட்டி, அவை எவ்வளவு குட்டையாக இருக்கின்றன என்று கவலையோடு பார்த்துக்கொண்டு போனேன்.

முதலில் சிராங்கூன் சாலையில் ஓர் ஆர்மோனியக் கடைக்குப் போனோம். அம்மா இரண்டு கட்டைகளை மாறி மாறி அழுத்திப் பார்த்தாள். "இதுல ஒரு சுரத்திலேருந்து இன்னொண்ணுக்கு இழுக்க முடியாதாண்ணே?" என்று கேட்டாள். கடைக்காரர் சிரித்தார். "ஆர்மோனியம் எங்கம்மா இழுக்கும்? ஒவ்வொரு கட்டையும் தனித்தனி. இழுக்கணும்னா தொண்டையாலதான் இழுக்கணும்." அம்மா சிரிக்கவில்லை. சேலைத் தலைப்பைக் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். அந்த வெயிலில் யாராவது கழுத்தைப் போர்த்திக்கொள்வார்களா என்று நினைத்தேன். கேட்கவில்லை. அந்த நாட்களில் நான் எதையுமே கேட்பதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

அடுத்த கடை நகரத்துக்குள், ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் இருந்தது. உள்ளே கிட்டார்கள் வரிசையாகத் தொங்கின. விற்பனையாளர் ஒரு தமிழ் இளைஞர். ஏதோ ஒரு பேண்டில் வாசிப்பவராம். "பிகினருக்குத்தானே அக்கா? யாருக்கு?" என்று கேட்டார்.

"பிள்ளைக்கு" என்றாள் அம்மா. நான் ஒரு டிரம்முக்குப் பின்னால் நகர்ந்தேன்.

அவர் ஒரு பெரிய கருவியைக் காட்டினார். ஒரு பொத்தானை அழுத்தியதும் தாளமும் பக்கவாத்தியமும் தாமாகவே புறப்பட்டன. "பார்த்தீங்களா? ஒரு விரல் போதும். பிள்ளைங்களுக்கு ரொம்ப ஈஸிலா."

எனக்கு உயிர் வந்தது. ஒரு விரல் என்றால் சமாளித்துவிடலாம். அம்மாவோ தலையை ஆட்டினாள். "இது தானா பாடுது தம்பி. நான் சொல்றதைப் பாடுறது வேணும்."

அவர் யோசித்துவிட்டு, அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சிறிய கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார். அதுதான் சிந்தசைசர். மூன்று ஸ்தாயிக்கும் குறைவான கட்டைகள். மேலே ஒரு வரிசை நகர்த்திகள், விரலால் மேலும் கீழும் தள்ளுகிற சின்னக் குமிழ்கள். "இதுல தாளம் கீளம் எதுவும் கிடையாது. எல்லாம் நாமதான் செய்யணும். ஆனா ஒண்ணை நகர்த்தினா என்ன ஆகுதுன்னு உடனே காதுல கேக்கும், அதனால கத்துக்கிறது சுலபம். ஒரே குறை, ஒரு நேரத்துல ஒரு சுரம்தான் வரும். ரெண்டு கட்டையை அமுக்கினாலும் ஒண்ணுதான் கேக்கும்."

"மனுஷனுக்கு ஒரு தொண்டைதானே தம்பி" என்றாள் அம்மா. "இது இழுக்குமா?"

அவர் ஒரு நகர்த்தியைத் தள்ளிவிட்டு இரண்டு கட்டைகளை அழுத்தினார். முதல் சுரம் வழுக்கிக்கொண்டே போய் இரண்டாவதில் சேர்ந்தது. அம்மாவின் முகம் மாறியது. பிறகு, நான் கனவிலும் நினைக்காத ஒன்றைச் செய்தாள். அந்தக் கடையில், முன்பின் தெரியாத ஆட்களுக்கு நடுவில், கண்ணை மூடிக்கொண்டு "ஆ" என்று நீளமாகப் பாடினாள்.

கிட்டார் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு சீனப் பையன்கள் திரும்பினார்கள். எனக்குக் காதெல்லாம் சூடானது.

"இந்த மாதிரி வருமா?" என்று கேட்டாள்.

இளைஞர் கேலி செய்யவில்லை. நகர்த்திகளை மேலும் கீழும் தள்ளினார். முதலில் நாதசுரம் போல வந்தது. "மூக்கடைச்ச மாதிரி இருக்கு" என்றாள் அம்மா. மறுபடி பாடினாள். கூர்மையைக் குறைத்தார். இப்போது புல்லாங்குழல் போல வந்தது. "இது ரொம்பச் சின்னப் பிள்ளை." மறுபடி பாடினாள். ஒவ்வொரு முறையும் அவர் தலையைச் சாய்த்துக் கேட்டு, ஒரு மயிரிழை நகர்த்தினார். ஒரு தடவை பாதியில் அம்மாவுக்கு இருமல் வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டாள். எனக்குப் பயமாகிவிட்டது.

"போதும்மா, வீட்டுக்குப் போலாம்மா" என்று கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் இரு பாப்பா. கிட்ட வந்துருச்சு."

கடைசியில் அவர் ஒரு கட்டையை அழுத்தியபோது அம்மா பாடவில்லை. கேட்டுக்கொண்டு நின்றாள். பிறகு, "இதேதான். இதை மாத்தாதீங்க" என்றாள். அவர் நகர்த்திகள் நின்ற இடங்களிலெல்லாம் சின்னச் சின்ன ஸ்டிக்கர் ஒட்டிக் கொடுத்தார். "சூடேற ஏற சுருதி கொஞ்சம் நகரும் அக்கா. போட்டுக் கொஞ்ச நேரம் விட்டு வாசிக்கச் சொல்லுங்க. பாப்பாவுக்கு நல்லா வரும்லா" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். எனக்கு அழுகை முட்டியது.

ஆனால் யாரும் என்னை வாசிக்கச் சொல்லவில்லை. அடுத்த வாரம் அம்மா ஆஸ்பத்திரிக்குப் போனாள். "கழுத்துல சின்னக் கட்டி, எடுத்துட்டா சரியாயிடும்" என்றார் அப்பா. டாக்டர் என் மூளைக்கு இல்லை என்று தெரிந்ததில் எனக்கு வந்த நிம்மதியை இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அம்மா கழுத்தில் கட்டோடு திரும்பி வந்தாள். கட்டு அவிழ்ந்த பிறகும் குரல் வரவில்லை. வந்ததெல்லாம் காற்று. பக்கத்தில் உட்கார்ந்தால்தான் கேட்கும். கொஞ்ச நாளில் சரியாகிவிடும் என்று எல்லாரும் சொன்னார்கள், நானும் நம்பினேன். பாடற்குழுவில் அவள் இடத்தில் வேறொரு ஆன்ட்டி நின்றார்.

சிந்தசைசரை அம்மா ஜன்னல் ஓரமாக, ஒரு ஸ்பீக்கர் பெட்டியோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். எனக்கு வாங்கியதைத் தானே எடுத்துக்கொண்டாளே என்று ஒரு பக்கம் சந்தோஷம், ஒரு பக்கம் கொஞ்சம் கோபம்.

முன்பெல்லாம் பொழுது சாயும் நேரத்தில் அம்மா எங்கள் மாடி நடைபாதைச் சுவரோரம் நின்று, கீழே விளையாடும் என்னைக் கூப்பிடுவாள். "பாப்பா" என்று தாழ்வாகத் தொடங்கி, "வா" என்று மேலே இழுத்து, பிறகு இறக்குவாள். எங்கள் அடுக்குமாடி புளோக்கில் எல்லாருக்கும் அந்தக் கூப்பாடு தெரியும். இப்போது அதே நேரத்துக்கு ஜன்னலிலிருந்து மெஷின் சத்தம் வரும். தாழ்வாக ஒரு சுரம், வழுக்கிக்கொண்டு மேலே, பிறகு இறக்கம். மறுபடியும் அதே. மறுபடியும் அதே. பாவம், அம்மா இன்னும் முதல் பாடத்தைத் தாண்டவில்லை என்று நினைத்துக்கொண்டு மணலில் விளையாடிக்கொண்டிருப்பேன்.

ஒருநாள் என் அக்கா கீழே இறங்கி வந்தாள். அவள் கண்கள் சிவந்திருந்தன. "எவ்வளவு நேரமா அம்மா கூப்பிடுறாங்க! உனக்குக் காது கேக்கலையா?"

என்னை யாருமே கூப்பிடவில்லை என்று நான் சத்தியம் செய்தேன்.