கழற்றி வைத்த ஸ்பீக்கர் ஒயர்

தொண்ணூறுகளில் திருவண்ணாமலை செங்கம் சாலையில் மைக்செட் கடை வைத்திருந்தேன். ஆசிரமம் அருகே தங்கியிருந்த கிட்டார் கலைஞர் ரவி, கண்ணாடிக் குழாய் வால்வுகளில் ஓடும் தன் ஆம்ப்ளிபையர் கரகரக்கிறது என்று கூப்பிட்டார். நான் அதுவரை தொட்டதெல்லாம் டிரான்சிஸ்டர் செட்டுகள்தான். அதைச் சொல்ல வெட்கப்பட்டு, வேலையை ஆரம்பித்தேன்.

ரவி டீ வாங்கப் போனார். வீட்டுக்கார அம்மா எட்டிப் பார்த்து, "பக்கத்து ரூம்ல தியானத்துல இருக்காங்க, சத்தம் வேணாங்க" என்றார். டிரான்சிஸ்டர் செட்டில் செய்வதுபோல ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றிவிட்டு, மீட்டரில் சிக்னலைப் பார்க்க வால்யூமை முழுதாக வைத்துக் கிட்டார் கம்பியைத் தட்டினேன். ஆம்ப்ளிபையருக்குள் சடசடவென்று பொரிந்தது. அப்போது திரும்பி வந்த ரவி, டீயைக் கீழே வைக்காமலே சுவிட்சை அணைத்தார்.

"சத்தம் வேணாம்னு கழட்டினேங்க" என்றேன்.

"வால்வு செட்டுக்கு ஸ்பீக்கர்தாங்க லோடு, பவரை அதுதான் வாங்கிக்கும். அது இல்லாம ஓட்டினா உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மர் போயிடும். செட்டுலயும் ஸ்பீக்கர்லயும் ஓம்ஸ் மாறினாலும் ஆபத்துங்க" என்றவர், செட்டின் பின்னால் 4, 8, 16 என்றிருந்த குமிழையும், ஸ்பீக்கர் பெட்டியில் அச்சிட்டிருந்த 8-ஐயும் காட்டினார்.

நல்லவேளை, டிரான்ஸ்பார்மர் தப்பியது.

இப்போதெல்லாம் ஸ்பீக்கரில் உள்ள எண்ணைப் படித்து, குமிழை அதே எண்ணில் வைத்து, ஒயரை மாட்டிய பிறகே சுவிட்சைத் தொடுகிறேன். தெரியாததைத் தெரியாது என்றும் சொல்லிவிடுகிறேன். அன்று அதைச் சொல்லியிருந்தால், ரவி என்னைச் செட்டோடு தனியாக விட்டுவிட்டு டீ வாங்கப் போயிருக்கமாட்டார்.