பூமயில் உடைத்த கண்மாய்

"கம்மா ஒடஞ்சிருச்சு!" என்று யார் கத்தினாலும் கூத்தையாவின் கை தானாக மண்வெட்டியைத் தேடும். ஆர்.எஸ்.மங்கலம் பக்கத்து ஊர் ஒன்றில் வயல்களுக்கு நீர் பாய்ச்சுவது அவர் வேலை. கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு ஓடி, மாலையும் கழுத்துமாகக் கண்மாய்க் கரையை அடைத்துவிட்டு வந்தவர். மனைவி உலகம்மாள் அதை இன்றைக்கும் சொல்லிக்காட்டுவாள்.

இப்போது அவருக்குக் கவலை மகள் பூமயில். கோடை விடுமுறை முழுக்க வற்றிய கண்மாய்க்குள் ஆடு மேய்த்தாள். அக்கரை ஆட்டுக்குக் கேட்கும்படி கத்திக் கத்தி, மெதுவாகப் பேசுவதே மறந்துபோயிற்று. பள்ளிக்கூடம் திறந்த அன்று சேதுராமன் வாத்தியார் பேர் கூப்பிட்டதும், "உள்ளேன் ஐயா" என்பதற்குப் பதில் "ஹோய்!" என்றாள். கூட மேய்த்த பிள்ளைகளும் வரிசையாக "ஹோய்!" என்றன. படித்த எழுத்து ஒன்றுகூட நினைவில்லை.

"மறந்த கழுதைக்கு என்னத்துக்குப் பள்ளிக்கூடம்? வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு வரி வாசிக்கட்டும். இல்லேன்னா ஆட்டோட போகட்டும்" என்றார் கூத்தையா.

"ஆமா, இவுக பெரிய கலெக்டரு!" என்றாள் உலகம்மாள். ஆனாலும் உள்ளுக்குள் பயந்துதான் போனாள்.

வெள்ளிக்கிழமை வரப்பு வெட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கூச்சல் வந்தது. கூத்தையா ஓடினார். ஊரே மண்வெட்டியும் வைக்கோலுமாகப் பின்னால் ஓடியது. கரையேறிப் பார்த்தால் பாளம் பாளமாய் வெடித்த தரை. அதில் நின்ற ஓர் ஆடு இவர்களை ஏற இறங்கப் பார்த்தது.

"தண்ணியே இல்லாத கம்மா எப்படி மாமா ஒடையும்?" என்றான் பின்னால் ஓடிவந்த மூக்கையா, மூச்சு வாங்க.

"அப்ப நீ எதுக்குலே ஓடியாந்த?"

"நீங்க ஓடுனீக. நானும் ஓடியாந்தேன்."

"கத்துனது எவன்டா?" என்று யாரோ பல்லைக் கடித்தார்கள். கூத்தையாவுக்கு அப்போதுதான் உறைத்தது. 'கம்மா ஒடஞ்சிருச்சு' என்றா கேட்டது? 'கண்மாய் உடைந்தது' என்றல்லவா! இந்தச் சீமையில் எவன் அப்படிப் பேசுவான்?

நேரே பள்ளிக்கூடத்துக்குப் போனார். கரும்பலகையில் ஒரே ஒரு வரி. அதன் முன்னால் பூமயில். பக்கத்தில் காதைப் பொத்தியபடி வாத்தியார்.

"நீயா தாயி கத்துன?"

"கத்தல அய்யா! வாசிச்சேன்!" அதுவும் அக்கரைக்குக் கேட்டிருக்கும்.

கூத்தையா மண்வெட்டியைக் கீழே இறக்கினார். "இவ இங்கனயே இருக்கட்டும், வாத்தியாரய்யா. ஆட்ட நான் பாத்துக்கிறேன்."

வாசல்வரை போனவர் திரும்பினார். "நாளைக்கு என்ன வரி எழுதப் போறீகன்னு மட்டும் முன்கூட்டியே சொல்லிவிட்டுருங்க."