தொட்டுவிட்டு உள்ளே வருவது

நாரணாபுரத்துப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நான் போர்மேன். மருந்து கலக்கும் அறையில் யாரும் சத்தம் போட்டுப் பேசக் கூடாது. பயந்த கை தடுமாறும், தட்டு நழுவும், அதற்குப் பிறகு திட்டுவதற்கு ஆள் இருக்காது. அதனால் இத்தனை வருஷத்தில் அங்கே ஒருவரையும் நான் அதட்டியதில்லை. தப்புச் செய்தவரை வேப்பமரத்தடிக்குக் கூட்டிப்போய்த் தணிந்த குரலில்தான் சொல்வேன்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் கதை வேறு. குழம்பில் உப்புக் கூடினால் சத்தம், போன் சார்ஜர் இடம் மாறியிருந்தால் சத்தம். மனைவி நர்ஸ். நோயாளிகளின் சொந்தக்காரர்கள் போடும் சத்தத்தை ஆஸ்பத்திரியில் கேட்டுவிட்டு வந்து, வீட்டில் என் சத்தத்தையும் கேட்பாள். மகள் பத்தாவது படித்தாள். தெருமுனையில் என் பைக் சத்தம் கேட்டதுமே புத்தகங்களை அள்ளிக்கொண்டு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். பிள்ளைக்குப் படிப்பில் என்ன அக்கறை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கோபம் பாவம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. சர்ச்சில் அப்பமும் ரசமும் வாங்கும் ஒவ்வொரு திருவிருந்துக்கும் முன்னால் முழங்காலில் நின்று அறிக்கை செய்வேன். கன்வென்ஷன் ஜெபக் கூட்டத்தில், பாவத்தை விட நினைப்பவர்கள் முன்னால் வாருங்கள் என்றால் முதல் ஆளாகப் போய் நிற்பேன். அடுத்த வருஷமும் போய் நிற்பேன். போதகர் ஐயர் என்னைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொள்ள ஆரம்பித்துவிட்டார். ஒரு வருஷம் ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்புக் காலத்தில், கோபம் போக வேண்டுமென்று பொருத்தனை செய்து கறி மீனை விட்டேன். வயிறும் சேர்ந்து எரிய, கோபம் இரட்டிப்பானது. பெரிய வெள்ளிக்கிழமை மும்மணி ஆராதனை முடிந்து கோயில் வாசலிலேயே, பைக் சாவியைத் தொலைத்துவிட்டாள் என்று மனைவியைத் திட்டினேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

என் அப்பாவுக்கும் இதே கோபம்தான். ரத்தத்தில் வந்ததை ஆண்டவர்தான் எடுக்க வேண்டும் என்று, பழியை அப்பா மேலும் பொறுப்பை ஆண்டவர் மேலும் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தேன்.

பரீட்சை முடிந்த கையோடு, பிளஸ் ஒன் மதுரையில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறேன் என்று மகள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எங்கெங்கிருந்தோ பிள்ளைகளை விருதுநகர்ப் பக்கம் கொண்டுவந்து படிக்கச் சேர்க்கிறார்கள். இங்கேயே பிறந்தவள் வெளியே போகக் கேட்கிறாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. கத்தினேன்.

அந்த வாரம், கலவை அறையில் வேலை பார்க்கும் அக்கா ஒருவர் பேரன் காதுகுத்துக்குச் சொல்ல வீட்டுக்கு வந்தார். காபியைக் குடித்துக்கொண்டே என் மகளிடம், “ஒங்க அப்பா மாதிரி தன்மையான ஆளு கெடைக்காது தாயி. ஒரு நாளு சத்தமாப் பேசிக் கேட்டதில்ல” என்றார்.

மகள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு அந்த அக்காவிடம், “எங்க அப்பாவா?” என்று கேட்டாள். கேலியாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமான சந்தேகத்தோடு கேட்டாள்.

அக்கா போனபின் மனைவி டம்ளரை எடுத்துக்கொண்டே சொன்னாள். “அங்கன அம்புட்டுப் பேருகிட்டயும் அடக்க முடியுதுல்ல. இங்கன மட்டும் முடியலங்கிறீக.”

பதில் எனக்குத் தெரியும். கம்பெனியில் கத்தினால் வெடிக்கும். வீட்டில் கத்தினால் ஒன்றும் ஆகாது என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு அழுதேன். முன்னால் போய் நின்ற எந்தக் கூட்டத்திலும் எனக்கு அப்படி அழுகை வந்ததில்லை.

கலவை அறை வாசலில் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். நடக்கையில், துணி உரசுகையில் உடம்பில் கொஞ்சம் மின்சாரம் ஏறும். நமக்குத் தெரியாது, மருந்துக்குத் தெரியும். வெறுங்கையால் தகட்டைத் தொட்டால் அந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். காலையில்தான் தொட்டேனே என்று யாரும் சொல்ல முடியாது. தண்ணீர் குடிக்க வெளியே போய்வந்தாலும் மறுபடி தொட வேண்டும். தினமும் மற்றவர்களைத் தொடவைப்பது என் வேலை. நானோ என் கோபத்தை ஒரே கூட்டத்தில் ஒரேயடியாக எடுத்துவிடச் சொல்லி ஜெபித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாளிலிருந்து பைக்கை நிறுத்தியதும் வீட்டு இரும்புக் கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். ஆண்டவரே, ஏறினதையெல்லாம் இறக்கிவிடும், உள்ளே இருக்கிறவர்களைக் காப்பாற்றும் என்று கேட்டுவிட்டுத்தான் நுழைகிறேன். ஜன்னல் வழியாகப் பார்த்த மனைவி, “கேட்டோட என்ன பேச்சு?” என்றாள். சொன்னேன். சிரித்தாள். மகளிடமும் சொல்லியிருப்பாள். ஹாஸ்டல் விஷயம் மகள் இஷ்டம் என்று அன்றே மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

கோபம் ஒழிந்துபோய்விடவில்லை. பள்ளிக்கூடம் திறக்கப்போகிற சமயம், லோடு ஏற்ற வரவேண்டிய லாரி வராமல் முதலாளியிடம் வாங்கிக்கட்டிக்கொண்ட ஒரு நாள், கேட்டைத் தொடாமலே நுழைந்துவிட்டேன். ஆளில்லாத அறையில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. ஆரம்பித்துவிட்டேன்.

முன்னறையில் உட்கார்ந்திருந்த மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள். “அப்பா, தொடாம வந்துட்டீக. போய்த் தொட்டுட்டு வாங்க.”

குரல் நடுங்கியது. ஆனாலும் சொன்னாள். வெளியே போய்க் கேட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டுக்காரர் பார்க்கப் பார்க்க நின்றேன். திரும்பி வந்தபோது உள்ளறைக் கதவு திறந்தே கிடந்தது. மகள் முன்னறையில், அதே இடத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.